இரண்டு வட்டம், நடுவே ஒரு கோடு

மார்க்கர் கறையை எப்படிப் போக்குவது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். சுவர் என்றால் வெள்ளைப் பற்பசை. ஜெல் பற்பசை உதவாது. ஈரத்துணியில் கொஞ்சமாக எடுத்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் கறையோடு சுவரின் சாயமும் வந்துவிடும். ஐஸ்பெட்டி, கண்ணாடி, பீங்கான் இவற்றுக்கெல்லாம் சானிடைசர் போதும். துணியில் பட்டிருந்தால் மேலே தேய்க்கவே கூடாது. அடியில் பழைய துண்டு ஒன்றை விரித்து, துணியின் பின்பக்கமிருந்து ஸ்பிரிட்டால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். எதுவானாலும் வெளி ஓரத்திலிருந்து உள்ளே துடைக்க வேண்டும், இல்லையென்றால் கறை பரவும். பாலிஷ் போடாத பலகை ஒன்றுக்குத்தான் வழியில்லை. அதில் பட்டது பட்டதுதான்.

இதெல்லாம் நான் எங்கும் படித்ததில்லை. என் மகளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்த அந்த ஒரு வருடத்தில் வீட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்தே கற்றுக்கொண்டேன். மலேசியாவில், ஈப்போ பட்டணத்தில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன், அதனால் எந்தக் கறைக்கு எது போடலாம் என்று கேட்க ஆள் இருந்தது. மீதியை என் பிடிவாதம் பார்த்துக்கொண்டது. கறை ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அது போகும்வரை எனக்குச் சோறு இறங்காது. என் கணவர் முன்பெல்லாம் இதைச் சொல்லியே கேலி செய்வார். "உங்கம்மாகிட்ட விட்டா நிலாவையும் தேச்சு வெள்ளையாக்கிடுவா லா" என்று மகளிடம் சொல்வார். அவளும் புரிந்தாலும் புரியாவிட்டாலும் அவரோடு சேர்ந்து சிரிப்பாள்.

மார்க்கர்கள் அவருடையவை. இரும்புச் சாமான் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். பெட்டிகள் மேல் எண் எழுதுவதற்காகச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கறுப்பு மார்க்கர் இருக்கும். ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நாற்பத்தொரு வயது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை என்றார்கள். பத்து நாள் கழித்து அவரோடு வேலை செய்த இரண்டு பேர் அவருடைய பையைக் கொண்டுவந்து தந்தார்கள். அதில் சாப்பாட்டு டப்பா, குடை, ஒரு துண்டு, நாலு மார்க்கர். டப்பாவை அவர்களே கழுவிக் கொண்டுவந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

அந்த மார்க்கர்களைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. அலமாரி மேல் வைத்தேன். நாலில் ஒன்று எப்படியோ மகள் கைக்குப் போய்விட்டது. பிடுங்கி வைத்தால் இன்னொன்று போகும். ஒரு பிள்ளையிடமிருந்து மார்க்கரை ஒளித்துவைக்க முடியும் என்று யாராவது சொன்னால் அவர்கள் பிள்ளை வளர்க்கவில்லை என்று அர்த்தம்.

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாவு வீட்டில் முதலில் கேட்பது படம்தான். உடம்பு வீட்டுக்கு வருவதற்குள் மாலை போட ஒரு படம் பெரிதாக்கி, சட்டம் போட்டு வந்தாக வேண்டும். என் போனில் படங்கள் கொட்டிக் கிடந்தன. ஆனால் ஒன்றில் அவர் கண்ணை மூடியிருந்தார். ஒன்றில் மகள் தோள் மேல் உட்கார்ந்து அவர் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நல்லதாக இருந்த ஒன்றிரண்டை என் நாத்தனார் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார். நாத்தனார் என்றால் அவருடைய அக்கா. சுங்கை சிப்புட்டில் இருக்கிறார். ஸ்டூடியோக்காரர் உதட்டைப் பிதுக்கிவிட்டாராம். "மூக்குக் கண்ணாடில வெளிச்சம் அடிக்குது லா அக்கா, கண்ணே தெரியல. கும்பிடுற படத்துக்குக் கண்ணு தெரியணும்." கடைசியில் பாஸ்போர்ட்டுக்காக எடுத்த படம் ஒன்று மேசை இழுப்பறையில் கிடைத்தது. பாஸ்போர்ட் படத்துக்கு மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். அதைத்தான் பெரிதாக்கினார்கள்.

அவர் ஒன்பது வயதிலிருந்து கண்ணாடி போட்டவர். அவர் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் கரும்பலகை தெரியாமல் அடிவாங்கி அடிவாங்கி, பிறகுதான் யாரோ கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னார்களாம். சோடாப்புட்டி கண்ணாடி. அது இல்லாத அவர் முகத்தை அவர் தூங்கும்போதுதான் நானே நிதானமாகப் பார்த்திருக்கிறேன். மூக்கின் இரண்டு பக்கமும் அழுந்திய தடம் இருக்கும். ஸ்டூடியோக்காரர் படத்தை அழகாக்குகிறேன் என்று அந்தத் தடத்தையும் எடுத்துவிட்டிருந்தார். சட்டத்துக்குள் இருந்தவர் நல்ல மனிதராகத் தெரிந்தார், யாருடைய அண்ணனோ மாதிரி.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன் நாத்தனார்தான் சொன்னார். "கண்ணாடிய மாட்டி விடும்மா. அது இல்லாம அவனுக்கு வாசப்படியே தெரியாது, போற வழி எப்படித் தெரியும்?" இறந்தவர் தினமும் உபயோகித்ததை உடன் அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். நானே அவருக்கு மாட்டிவிட்டேன். காது குளிர்ந்திருந்தது. கண்ணாடி அவரோடு தகனத்துக்குப் போனது. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம், பிள்ளை பயந்துவிடும் என்று. ஆகவே வீட்டில் மிஞ்சியது அந்தப் படம் மட்டும். போனில் இருந்த படங்களை நான் திறக்கவே இல்லை. ஒன்றைத் திறந்தால் அன்றைக்கு என் வேலை ஓடாது.

மகள் அந்தப் படத்தை ஒருமுறைகூட அப்பா என்று கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் சட்டத்தைத் துடைத்து, நெற்றியில் திருநீறும் சந்தனப் பொட்டும் வைப்பேன். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். "அப்பாவக் கும்பிட்டுக்க" என்றால் கையைக் கூப்புவாள், ஆனால் தலை வாசல் பக்கம் திரும்பியிருக்கும். மூன்றரை வயதில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை எத்தனை மாதம் அவரை நினைவு வைத்திருக்கும்? யாரிடம் கேட்பது? நான் பயந்தது அது ஒன்றுக்குத்தான். அவர் போனது போனதுதான், மகளிடமிருந்தும் போய்விடக்கூடாது என்று சாமியறையில் நின்று கெஞ்சியிருக்கிறேன்.

அவர்கள் இருவருக்கும் தினமும் ஒரு விளையாட்டு உண்டு. வேலை முடிந்து அவர் வந்து உட்கார்ந்ததும் மகள் மடியில் ஏறி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். அவர் உடனே கையைத் துழாவ ஆரம்பிப்பார். "ஐயோ, எம் புள்ளயக் காணோமே. எங்க போச்சு எம் புள்ள?" நாற்காலியைத் தடவுவார், என் தலையைத் தடவி "இது புள்ள இல்ல, இது தேங்கா" என்பார். மகள் மூச்சு முட்டச் சிரித்துவிட்டு, கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டிவிட்டு "இந்தா இருக்கேன்!" என்று கத்துவாள். அவர் அப்போதுதான் அவளைப் பார்த்ததுபோல வாயைப் பிளப்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது நடக்கும். "சாப்பாடு ஆறுது, போதும்" என்று நான்தான் ஏசுவேன்.

அவர் போன இரண்டாம் மாதம் கிறுக்கல் ஆரம்பித்தது. முதலில் ஐஸ்பெட்டிக் கதவில், அவள் உயரத்துக்கு. இரண்டு வட்டம், நடுவே ஒரு கோடு. பிறகு செருப்பு வைக்கும் தட்டுக்குப் பக்கத்துச் சுவரில். பிறகு பீங்கான் தட்டின் அடியில், அவருடைய ஹெல்மெட்டின் முகப்பில். எல்லா இடத்திலும் அதேதான், இரண்டு வட்டம், நடுவே ஒரு கோடு. நான் ஏசிக்கொண்டே துடைப்பேன். அவள் ஓரமாக நின்று நான் துடைப்பதைக் கவனிப்பாள். எவ்வளவு சானிடைசர் ஊற்றுகிறேன், எந்தப் பக்கமிருந்து துணியை இழுக்கிறேன், எல்லாம்.

நாத்தனார் வந்தபோது சுவரில் நான் துடைக்காமல் விட்ட ஒன்றைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். "சைக்கிள் வரையுது பாரு. பொறந்தநாளுக்கு வாங்கித் தாரேன்னு எந்தம்பி சொன்னான்ல." அப்படிச் சொன்னது உண்மைதான். அடுத்த வாரமே சிவப்பு நிறத்தில் ஒரு சிறிய சைக்கிள் வந்து இறங்கியது. மகள் அதன் மணியை இரண்டு தரம் அடித்தாள், "தேங்க்ஸ் அத்தை" என்றாள், உள்ளே போய்விட்டாள். மறுநாள் அப்பாவின் தலையணை உறை மேல் வரைந்திருந்தாள். வெள்ளை உறை, நட்ட நடுவில், முகம் படும் இடத்தில். நான் அன்று எரிந்து விழுந்தேன். உறையைக் கழற்றி, பின்பக்கமிருந்து ஸ்பிரிட்டால் ஒற்றி, ஒரு புள்ளிகூட இல்லாமல் எடுத்தேன். எடுத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

எதற்கு இவ்வளவு துடைத்தேன்? புருஷன் போனதும் வீடு நாறிவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவ்வளவுதான். வருகிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், இரண்டாவது வீட்டுச் சுவரைப் பார்ப்பார்கள். முகத்தை என்னால் சரிசெய்ய முடியவில்லை. சுவரையாவது சரியாக வைத்தேன்.

ஒன்றே ஒன்றுதான் போகவில்லை. அவருடைய சட்டைகள் தொங்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம், பாலிஷ் போடாத பலகையில் வரைந்தது. பற்பசை, ஸ்பிரிட், நகச்சாயம் அழிக்கும் திரவம் எல்லாம் போட்டும் மங்கியதோடு சரி. உள்பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று கதவைச் சாத்திவிட்டேன்.

வருடத் திவசத்துக்கு முதல் நாள். நாத்தனாரும் சொந்தக்காரர்களும் காலையில் வந்துவிடுவார்கள். நான் அடுப்படியில் வடைக்குப் பருப்பு ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. பிள்ளை இருக்கும் வீட்டில் சத்தம் இல்லையென்றால் போய்ப் பார்க்க வேண்டும். போய்ப் பார்த்தேன். நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தாள். கையில் மார்க்கர். சட்டத்தின் மேல், அவர் கண்கள் இருக்கும் இடத்தில், கறுப்பாக இரண்டு வட்டம்.

அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் ஒரு வருடமாகப் பார்த்திருக்கவில்லை. அது ஏன் என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. கண்ணில் பட்டது கறை மட்டும்தான். சாமியாகிவிட்டவர் முகத்தில் கிறுக்கிவிட்டாள் என்பதுதான் தலைக்கு ஏறியது. காலண்டர் பக்கத்தில் ரோத்தான் மாட்டியிருந்தது. பயமுறுத்துவதற்காக வாங்கிய பிரம்பு, அதுவரை அதை நான் கையில் எடுத்ததில்லை. அன்று எடுத்தேன். "நீட்டு கைய" என்றேன். நீட்டினாள். மூன்று அடி. "வரைவியா? இனிமே வரைவியா?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டேன். "மாட்டேம்மா" என்றாள் மூன்று தடவையும். வேறு எதையும் சொல்ல நான் விடவில்லை.

சட்டத்தின் கண்ணாடி மேல் பட்ட மார்க்கர்தானே, சானிடைசர் போட்டு இரண்டு இழுப்பில் போய்விட்டது. துடைத்து முடித்ததும் பின்னாலிருந்து தேம்பலோடு அவள் குரல் கேட்டது. "அம்மா, பொட்டும் போச்சு." பார்த்தால் நெற்றிச் சந்தனத்தையும் சேர்த்துத் துடைத்திருந்தேன். சந்தனத்தைக் குழைத்துத் திரும்ப வைத்தேன். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் படையல் போட்டு, எல்லாரும் பூப்போட்டுக் கும்பிட்டோம். நாத்தனார் என் மகள் கையில் பூவைக் கொடுத்து, "அப்பாவுக்குப் போடும்மா" என்றார். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அது அப்பா இல்ல அத்தை" என்றாள், மெதுவாக, யாரையும் கோபப்படுத்திவிடக் கூடாது என்பதுபோல. "சின்னப் புள்ளதானே, மறந்துடும் லா" என்று யாரோ எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் செத்த அன்றுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்துப் பாலர் பள்ளிக்கு அவளைக் கூட்டிவரப் போனேன். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சின்ன வயசுப் பெண். "அக்கா, குடும்பத்த வரையச் சொன்னேன். பாப்பா அப்பாவையும் வரைஞ்சிருக்கு. நான் ஒன்னும் கேக்கல. நீங்க பாக்கணும்னு எடுத்து வெச்சேன்" என்றார்.

தாளில் மூன்று பேர். நடுவில் சின்னதாக அவள். ஒரு பக்கம் நான், நெற்றி முழுக்கப் பொட்டோடு, கையில் ஒரு சதுரம். "அது என்ன?" என்று டீச்சர் கேட்டதற்குத் துணி என்றாளாம். மறுபக்கம் உயரமாக ஓர் உருவம். முகத்தில் மூக்கு இல்லை, வாய் இல்லை. இரண்டு வட்டம், நடுவே ஒரு கோடு, இரண்டு பக்கமும் காது வரைக்கும் போய் வளைந்த கொக்கி.

கிறுக்கல்களில் கொக்கி இருந்ததா? வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் அவருடைய அலமாரியைத் திறந்தேன். மங்கிப்போய் இருந்தாலும் தெரிந்தது. இரண்டு பக்கமும் கொக்கி இருந்தது. சைக்கிளின் கைப்பிடி என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தது. நான் அவருடைய சட்டைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு நின்றேன். ஐஸ்பெட்டியில், சுவரில், தட்டில், தலையணையில் எல்லாம் அவள் அவரைத்தான் வைத்திருந்தாள். நான் அத்தனை இடத்திலிருந்தும் அவரைத் துடைத்தெடுத்திருந்தேன், புள்ளிகூட மிச்சம் வைக்காமல். அவள் மறக்கவே இல்லை. சட்டத்துக்குள் கண்ணாடி இல்லாமல் நிற்கிற மனிதருக்குத் தன்னைத் தெரியவில்லை என்று, அவருக்குத் தன்னைத் தெரியட்டும் என்று மாட்டிவிட்டிருக்கிறாள். நான் வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பதைப் பார்த்துத்தானே அந்தச் சட்டத்தின் மேல் எதையும் வைக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு நான் அடித்தேன்.

வேறு படம் மாற்றினால் தீர்ந்தது என்று உங்களுக்குத் தோன்றும். பிறகு மாற்றிவிட்டோம். கண்ணாடியில் வெளிச்சம் அடித்துக் கண்ணே தெரியாத படம்தான் இப்போது கூடத்தில் இருக்கிறது. ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை. படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, அவளுக்கு எட்டுமாறு தரையில் சாய்த்து வைத்தேன். அலமாரி மேலிருந்து மார்க்கரை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினேன்.

"இந்தாம்மா. அப்பாவுக்குக் கண்ணாடி மாட்டி விடு."

அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம்மா."

"அம்மா அடிக்க மாட்டேன். அம்மாவுக்குத் தெரியலடா, தப்பு பண்ணிட்டேன். நீ வரை."

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

சரி என்று நானே வரைந்தேன். இடது வட்டம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. நடுவே கோடு. இரண்டு பக்கமும் கொக்கி. சட்டத்துக்குள்ளிருந்த அந்நிய மனிதர் போய், என் கணவர் என்னைப் பார்த்தார். "இப்பப் பாரு. அப்பா உன்னப் பாக்குறாங்க. சொல்லு, இந்தா இருக்கேன்னு சொல்லு."

அவள் கிட்டே வந்து குந்தி உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். உதடு பிரிந்தது. சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

எழுந்து அடுப்படிக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் நான் துடைக்கிற மஞ்சள் துணி, மறு கையில் சானிடைசர் போத்தல். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சீக்கிரம் அழிச்சிடலாம்மா" என்றாள் காதோடு. "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். உங்கள யாரும் அடிக்க மாட்டாங்க."

சானிடைசரைத் துணியில் இரண்டு தரம் அழுத்திக்கொண்டு துடைக்க ஆரம்பித்தாள், வெளி ஓரத்திலிருந்து உள்ளே, பரவாமல், நான் துடைப்பது போலவே. பொட்டு மேல் மட்டும் துணி படாமல் பார்த்துக்கொண்டாள்.